பதினோரு படகுகள் நின்ற ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ரோலிங் மில் ஷெட்டின் கூரையில் ஒரு வருஷம் புறா முட்டையிட்டது. குஞ்சு பொரித்ததும் பார்த்தோம். மற்றப் புறாக்குஞ்சுகள் மாதிரி அவை கத்தி இரை கேட்கவில்லை. அந்த இரும்பு இரைச்சலில் கத்தினால் தாய்க்குக் கேட்காது என்று முட்டைக்குள் இருக்கும்போதே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. ஒற்றை இறக்கையைத் தூக்கி ஆட்டித்தான் கேட்கும். போதும் என்றால் இரண்டையும் விரித்துக் காட்டும். இதைத் திருநின்றவூரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். கும்மிடிப்பூண்டியில் நம்புவார்கள். அங்கே பாதிப்பேர் வீட்டில் சோறு கேட்பதே அப்படித்தான்.

என் காது நல்ல காது. அதே கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன் என்றாலும் என் இடம் கேட்டுக்கு வெளியே, எடைமேடை. லாரி ஏறும், எழுதுவேன், லாரி இறங்கும். ஷெட்டுக்குள் இருந்த தேசப்பனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தேசப்பன் எனக்குப் பக்கத்து வீடு. கிரேன் ஆபரேட்டர். ஷெட்டின் உச்சியில் தண்டவாளம் மேல் ஓடுகிற கிரேன். அதில் கிளிக்கூண்டு மாதிரி ஒரு கேபின். இருபத்திரண்டு வருஷமாக அதில் உட்கார்ந்து இரும்புப் பாளங்களைத் தூக்கி இடம் மாற்றுகிறான். கீழே நிற்கிறவன் கையைக் காட்டுவான், மேலே இருக்கிறவன் அதைப் பார்த்து லிவரைத் தள்ளுவான். விரல் மேல்நோக்கிச் சுழன்றால் தூக்கு. கீழ்நோக்கிச் சுழன்றால் இறக்கு. ஒரு கையை நீட்டி ஆட்டினால் நிறுத்து. இரண்டு கையையும் விரித்து ஆட்டினால், எவன் எதைச் செய்துகொண்டிருந்தாலும் அப்படியே நிறுத்து, ஆளுக்கு ஆபத்து. அந்த ஷெட்டில் வாய் என்பது பீடி பிடிக்கவும் சோறு தின்னவும்தான். அதனால் தேசப்பனுக்குக் காது போய் ஏழு வருஷம் ஆனது ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. தெரிந்தவர்கள் நாலு பேர். அவன், அவன் பெண்சாதி முத்தம்மா, நர்சிங் படிக்கிற மகள் நந்தினி, அப்புறம் நான்.

வருஷத்துக்கு ஒரு தடவை காது சோதிக்கிற வண்டி கம்பெனிக்கு வரும். காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்கும்போது அமுக்கவேண்டும். போன வருஷம் வந்த நர்சம்மா, ஒவ்வொரு சத்தம் விடும்போதும் புருவத்தைக் கொஞ்சம் தூக்குகிற பழக்கம் உள்ளவள். தேசப்பன் அந்தப் புருவத்தைப் பார்த்துப் பார்த்து அமுக்கினான். கேட்காத காதுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கொடுத்தாள். மீதி இரண்டு, அவள் தும்மியபோது போனது.

இந்த வருஷம் அந்த வழி அடைபட்டது. புதிதாக வந்திருந்த சேஃப்டி ஆபீசர் மோகன்ராஜ் இரண்டு ஏற்பாடு செய்திருந்தார். ஒன்று, செவ்வாய்க்கிழமை வரப்போகும் வண்டியில் நாலு பக்கமும் அடைத்த பெட்டி. உள்ளே தனியாக உட்காரவேண்டும், நர்சும் கிடையாது, புருவமும் கிடையாது. இரண்டு, ஒன்றாம் தேதியிலிருந்து கைச்சைகை கிடையாது, மேலே ஒரு வாக்கி டாக்கி, கீழே ஒரு வாக்கி டாக்கி. மோகன்ராஜ் நாமக்கல் பக்கத்துப் பையன், நல்ல பையன். நல்லவர்களிடமிருந்து தப்பிப்பதுதான் கஷ்டம்.

அவர் செய்த மூன்றாவது ஏற்பாடுதான் ஏலகிரி. உலையைப் பிரித்துக் கல் மாற்றுகிற இரண்டு நாளில் மில் ஓடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை தொழிலாளிகளைக் குடும்பத்தோடு மலைக்கு அழைத்துப்போய், ஏரியில் படகு விட்டு, பிரியாணி போட்டு, ஒரு போட்டோ எடுத்துக் கூட்டிவருவது. வராதவர்கள் காரணம் எழுதித் தரவேண்டும். பஸ்ஸில் ஒரு சீட் காலி இருந்ததால் ரிட்டயரான என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் முத்தம்மா என் வீட்டுக்கு வந்தாள். மசாலா கம்பெனியில் பாக்கிங் வேலை. மிளகாய்த்தூள் நெடி அவளுக்கு முன்னால் உள்ளே வந்துவிடும். வந்ததும் சுவரில் சாய்ந்து குந்தினாள்.

"நைனா, அந்தாள் வரமாட்டேன்றாரு."

"காரணம் எழுதிக் குடுக்கச் சொல்லு. காது கேக்கலன்னு."

"உனுக்கு எல்லாம் கிண்டலு. நான் கல்யாணம் கட்டிக்கினு இருபத்தி மூணு வருசம் ஆவுது. பாத்த பெரிய தண்ணி பூண்டி ஏரி. பாத்த பெரிய மலை நம்ம கம்பெனி கொட்டி வெச்சிக்கீற கசடு மேடு. ஒரு நாளு போய்ட்டு வந்தா இன்னா?"

"மலைமேல சத்தம் இருக்காது முத்தம்மா. மில்லுல எல்லாரும் செவுடு மாதிரிதான் கீறான், அதுல ஒருத்தன் நெஜமாவே செவுடுன்னா தெரியாது. அங்க எவன்னா பின்னால நின்னு தேசப்பான்னு கூப்ட்டா?"

"அதான் உன்னாண்ட வந்தேன். நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். எவனையும் பின்னால உடக்கூடாது. யார்னா எதுனா கேட்டா நான் தொடையில கிள்ளுவேன். எடது தொடைன்னா சிரிக்கணும், வலது தொடைன்னா மூஞ்ச தொங்கப்போட்டு தலையாட்டணும். சொல்லிக் குடுத்துட்டேன்."

"கேள்வி கேட்டா?"

"நீ பதில் சொல்லு. நீதான் யாரு எத்த கேட்டாலும் சொல்லுவியே."

எழுந்து போகிறவள் வாசலில் நின்றாள். "போன மாசம் நடந்தத நெனச்சா சோறு எறங்கல நைனா" என்றாள்.

போன மாசம் நடந்தது இது. பாளக் கட்டு ஒன்றைத் தேசப்பன் இறக்கிக்கொண்டிருந்தான். கீழே கொக்கி மாட்டுகிற சரவணன் ஒரு அடுக்குக்குப் பின்னால் மாட்டிக்கொண்டான். கை காட்டினால் மேலே தெரியாது. கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான் என்று சரவணனே சொன்னான். கட்டு அவன் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தது. ஷெட்டில் எவனுக்கும் எதுவும் கேட்பதில்லையே என்று சரவணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேசப்பன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. சரவணனுக்கு இருபத்தி நாலு வயசு. குழந்தை பிறந்து அப்போது ஐந்து மாசம்.

பஸ் விடியற்காலையில் கிளம்பியது. பழவேற்காட்டு இறால் தொக்கை முத்தம்மா எவர்சில்வர் டப்பாவில் போட்டு மடியில் வைத்திருந்தாள். பிரியாணி அண்டா, டிக்கியில் போகாமல் பின் சீட்டில் ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்து வந்தது. டிரைவர் ஆந்திரா பக்கத்து ஆள், தடாக்காரன். பாட்டு போடச் சொன்னார்கள், போட்டான். சத்தம் வை என்றார்கள், வைத்தான். இன்னும் வை என்றார்கள். பூந்தமல்லி தாண்டும்போது அவன் காதில் பஞ்சு அடைத்திருந்தான். அதற்கு மேலும் வைக்கச் சொன்னபோது ரேடியோ தாளாது என்று கும்பிட்டுவிட்டான். எங்கள் ஆட்கள், என்ன வண்டி இது, பாட்டே கேட்கவில்லை என்று சலித்துக்கொண்டார்கள். பிள்ளைகளும் பெண்டுகளும் காதைப் பொத்திக்கொண்டு நாஷ்டா சாப்பிட்டார்கள்.

மலை அடிவாரத்தில் சரவணன் பெண்சாதிக்குத் தலை சுற்றியது. குழந்தையை முத்தம்மா மடியில் போட்டுவிட்டு ஜன்னலோரம் போய்விட்டாள். இறால் தொக்கு என் மடிக்கு வந்தது. மேலே போகப் பதினாலு கொண்டை ஊசி வளைவு. முதல் வளைவில் குழந்தை ஆரம்பித்தது. நான் கேட்ட குரல்களிலேயே அது தனி. ஐந்தாவது வளைவில் எதிரே வந்த லாரிக்காரன் சங்கு ஊதுகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டான். அந்தக் குழந்தையின் வாய்க்கு ஒரு முழம் தள்ளித் தலைசாய்த்துத் தேசப்பன் தூங்கிக்கொண்டிருந்தான். முத்தம்மா குழந்தையைத் தட்டிக்கொண்டே அவன் மூஞ்சியைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். நான் தொக்கு டப்பா மூடியை அழுத்தி வைத்துக்கொண்டேன்.

எட்டாவது வளைவில் அவன் விழித்தான். ஒன்பதில் மோகன்ராஜ் எழுந்து வந்து எங்கள் சீட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்படிங்கண்ணா இருக்கு? மலையெல்லாம் பழக்கமுங்களா?"

இடது தொடை. தேசப்பன் சிரித்தான்.

"எங்கூர்ல கொல்லிமலை பக்கங்க. சின்ன வயசுல அப்பாகூட அடிக்கடி போவேன்."

இடது தொடை. சிரித்தான்.

"இப்ப அப்பா இல்லைங்க. போன தை மாசம் தவறிட்டாரு."

அந்த நேரம் பார்த்துப் பத்தாவது வளைவு வந்தது. பஸ் ஒருபக்கமாகச் சாய, முத்தம்மாவின் கை எங்கே போனதோ, தேசப்பன் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான். கூடத் தலையையும் ஆட்டினான்.

மோகன்ராஜ் முகம் சுருங்கிப்போயிற்று.

"தப்பா நெனச்சிக்காத சார்" என்றேன். "அவுங்க பரம்பரையே அப்டி. துக்கம்னா சிரிப்பு வந்துரும். இவங்க அப்பன் சாவுல இவன் சிரிச்ச சிரிப்புல, மோளம் அடிக்க வந்தவங்க ஊடு மாறி வந்துட்டமோன்னு திரும்பிப் போய்க்கினு இருந்தாங்க. நான்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடி இஸ்துக்கினு வந்தேன்."

"அப்படிங்களா" என்றார் அவர். நம்பினாரா என்று தெரியவில்லை. போய் உட்கார்ந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"நைனா" என்றாள் முத்தம்மா, மெதுவாக. "எனுக்கு இப்பவே கை ஓஞ்சிப்போச்சு."

மேலே பனி இறங்கியிருந்தது. தூறல் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எங்கள் ஆட்கள் பஸ்ஸை விட்டு இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சித்திரை வெயிலில், உச்சி வேளையில், மில்லுக்கு வெளியே வந்து வெட்ட வெளியில் நின்று 'அப்பாடா, சில்லுன்னு கீது' என்று சொல்கிறவர்கள் அவர்கள். அந்த உடம்புகளுக்குக் குளிரை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பச்சையாக இருந்தது. பலாமரம், கொய்யா, வழியெல்லாம் தேன் பாட்டில். நடுவில் ஏரி, தட்டில் ஊற்றி வைத்த மாதிரி, சுற்றிலும் கம்பிவேலி, நடைபாதை, ஊஞ்சல், குதிரை, மிளகாய் பஜ்ஜி.

கயிற்றில் தொங்கிப் போகிற விளையாட்டு ஒன்று இருந்தது. எங்கள் ஆட்கள் ஒரு கூட்டமாகப் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். கொக்கி மாட்டுகிறவர்கள் ஆறு பேர் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார்கள், கம்பி வடத்தின் இழையை எண்ணினார்கள், ஒருத்தன் படுத்துக்கொண்டு அடியில் பார்த்தான்.

"கொக்கி நல்லாக்கீது" என்று சரவணன் கத்தினான். "பூட்டெல்லாம் போட்டுக்கீறாங்க."

"அப்பறம் இன்னா, ஏறு" என்றேன்.

"தொங்கறதுக்கா? போ நைனா. நல்லாக்கீதான்னு பாக்கத்தான் வந்தோம்." 

திருப்தியாகப் போய்விட்டார்கள். குதிரைக்காரன் பாவம், குதிரை எத்தனை டன் தாங்கும் என்று ஒருத்தன் கேட்டதற்கு அரை மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தான்.

படகுக்கு மட்டும் எல்லோரும் ஆசைப்பட்டார்கள். காலால் மிதிக்கிற படகு, ஒன்றுக்கு இரண்டு பேர். பதினோரு படகு எடுத்தார்கள். புருஷன் பெண்சாதி ஜோடி ஜோடியாக, ஆரஞ்சு கலர் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு, பாதி வெட்கமும் பாதி பயமுமாக மிதித்தார்கள். தலை சுற்றல் தெளிந்த சரவணன் பெண்சாதியும் போனாள். குழந்தை முத்தம்மாவிடமே இருந்தது, இப்போது தூங்கிவிட்டிருந்தது. தேசப்பனை நாங்கள் படகில் விடவில்லை. நடுத்தண்ணீரில் பக்கத்துப் படகுக்காரன் எதையாவது கேட்டால் கிள்ளுவதற்கு யார் போவது? கரையில் சிமெண்டு பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"நீயாச்சும் போய்ட்டு வாயேன் முத்தம்மா" என்றேன். "நான் பாத்துக்கறேன்."

"எங்க போறது? அந்தாளுக்கு முதுவுல கண்ணு மாதிரி நான் குந்திக்கினு கீறேன்." தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏழு வருசமா நைனா. ராத்திரி படுக்கசொல்ல லைட்டு நிறுத்திட்டா எனுக்கு புருசன் இல்ல. இருட்டுல எதுனா சொல்லணும்னா எழுந்து லைட்டு போட்டு, மூஞ்சிய காட்டிச் சொல்லணும். லைட்டு போட்டுச் சொல்ற பேச்சா எல்லாப் பேச்சும்?"

நான் குழந்தையின் முகத்தில் உட்கார வந்த ஈயை ஓட்டினேன்.

மணி ஒன்றாயிற்று. சாப்பாட்டுக்கு முன்னால் போட்டோ எடுத்துவிடவேண்டும் என்று மோகன்ராஜ் பேனரைக் கட்டிவிட்டுத் தண்ணீர் ஓரம் போய் நின்றார். படகுகள் ஏரி நடுவில் இருந்தன. கூப்பிட்டுப் பார்த்தார். காற்று குறுக்குக் காற்று. படகுத்துறை ஆள் விசில் ஊதினார். ஒன்றும் நடக்கவில்லை. அதனால் மோகன்ராஜ், நானும் நீங்களும் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தார். இரண்டு கையையும் நன்றாக விரித்து, வாங்க வாங்க என்று ஆட்டினார்.

பதினோரு படகும் நின்றன.

நின்றன என்றால், அப்படி ஒரு நிற்றல். இருபத்திரண்டு ஜோடிக் கால்கள் பெடல் மேல் உறைந்தன. சரவணன் தன் பெண்சாதியின் முழங்காலை அமுக்கிப் பிடித்தான். ஒருத்தன் வாய்க்குக் கொண்டுபோன முறுக்கை வாய்க்கு வெளியே அப்படியே வைத்திருந்தான். எல்லோரும் தலையை மட்டும் திருப்பி, எந்த ஆள் எதற்கு அடியில் மாட்டினான் என்று தண்ணீரைத் தேடினார்கள்.

மோகன்ராஜ் இன்னும் வேகமாக ஆட்டினார். அவர்கள் இன்னும் அசையாமல் நின்றார்கள். அந்த ஏரியில் அன்றைக்கு வாத்துகூட நீந்தவில்லை என்று சொல்வேன், ஆனால் வாத்தை நான் கவனிக்கவில்லை. காற்று மட்டும் எதையும் கேட்காமல் பதினோரு படகையும் ஒரு கொத்தாகப் பக்கத்துக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?" மோகன்ராஜ் எங்கள் பக்கம் திரும்பினார். கழுத்து சிவந்திருந்தது. "கூப்பிடக் கூப்பிட வேணும்னே நிக்கிறாங்க. சோத்துக்கு வரச் சொன்னாக்கூட ஆபீசர்னா இளக்காரமுங்களா?"

நான் எழுவதற்குள் தேசப்பன் எழுந்துவிட்டான். யாரும் அவனைக் கிள்ளவில்லை. அவன் காதுக்கு ஒன்றும் போகவில்லை; கண்ணுக்குப் போய்விட்டது. விறுவிறுவென்று நடந்து, ஆபீசர் என்றும் பார்க்காமல், அவர் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கி, தொடையோடு ஒட்டி வைத்தான். ஸ்கூல் பிள்ளையை நிறுத்துவது மாதிரி. பிறகு தண்ணீர் ஓரத்தில் காலை அகட்டி நின்றான்.

இருபத்திரண்டு வருஷமும் அவன் சைகையைப் பார்த்து வேலை செய்தவன். காட்டியதில்லை. அன்றைக்குத்தான் காட்டினான். ஆபத்தில்லை என்று ஒரு கை. முதல் படகைச் சுட்டிக்காட்டி, உள்ளங்கையைத் தன் பக்கம் மெதுவாக இழுத்தான். அது கிளம்பியது. மற்றவை நின்றன. வலப்பக்கம், இன்னும் கொஞ்சம், நேராக, நிறுத்து. அடுத்தது. ஒவ்வொன்றாக, ஒன்றை ஒன்று இடிக்காமல், பதினோரு படகையும் துறையில் பாளம் அடுக்குவது மாதிரி அடுக்கினான். படகுத்துறை ஆள் விசிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் காமிச்சது எமர்ஜென்சி ஸ்டாப்பு" என்றார் மோகன்ராஜ், யாரிடமும் இல்லாமல். "அந்தச் சைகை போஸ்டரை ஷெட்ல மாட்டினதே நானுங்க."

போட்டோ எடுத்தார்கள். பிரியாணி சாப்பிட்டார்கள். இறால் தொக்கு முதல் சுற்றிலேயே காலி. மூடியை வழித்தவனும் உண்டு. அதற்கப்புறம் ஆண்பிள்ளைகள் புல்லில் பெஞ்சுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மிளகாய்த்தூள் தூவின கொய்யாக்காய் தின்றார்கள். பெண்டுகள் ஒரு பக்கம். பிள்ளைகள் ஊஞ்சலில். பனி விலகி ஒரு சோகை வெயில் வந்தது. நாங்கள் மூன்று பேரும் மறுபடி பெஞ்சுக்கு வந்தோம். முத்தம்மா மடியில் குழந்தை. அதன் அம்மா வாங்க வந்தபோது, இருக்கட்டும், எழுப்பாத என்று சொல்லிவிட்டாள்.

மோகன்ராஜ் நாலு டீ வாங்கிக்கொண்டு வந்து, தேசப்பனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். எல்லோரும் ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.

"அண்ணா, மன்னிச்சுக்கங்க. காலையில உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்" என்றார், ஏரியைப் பார்த்தபடியே. "கையில இவ்வளவு சுத்தமா பேசறீங்க. வாக்கி டாக்கி வந்துட்டா இது எல்லாம் போயிடும்ல. மேல இருந்து பாக்கறவரு நீங்க. உங்களுக்கு எது சரின்னு படுதுங்க?"

தேசப்பன் டீயை ஊதினான்.

நான் கிள்ளலுக்குக் காத்திருந்தேன். எந்தத் தொடையாக இருந்தாலும் அதற்கேற்ற பொய் ஒன்று தயாராக இருந்தது. முத்தம்மாவின் கை குழந்தையின் பாதத்தைப் பிடித்திருந்தது. சின்னப் பாதம், மூன்று விரல் அகலம். கை அதை விட்டு எழவில்லை.

"அண்ணா?" என்றார் மோகன்ராஜ்.

"அவருக்குக் கேக்காது சார்" என்றாள் முத்தம்மா.

"சத்தமா கேக்கட்டுங்களா?"

"எவ்ளோ சத்தமா கேட்டாலும்."

நான் அவள் காலை மிதித்தேன்.

"நைனா, காலை எடு. நீ மிதிச்சா வலிக்குமே தவுர வாயி மூடிக்காது." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஏழு வருசமா கேக்காது சார். போன வருசம் நர்சம்மா மூஞ்சியப் பாத்து அமுக்கினாரு. போன மாசம் இந்தக் கொழந்தையோட அப்பன் கீழ நின்னு கத்தறான், இவரு பாளத்த எறக்கிக்கினு கீறாரு. ஒரு சாண்ல தப்புச்சான். நீ நாளைக்கு மேல ஒரு ரேடியோ பொட்டியக் குடுப்ப. இவுரு அத்த காதுல வெச்சிக்கினு ஆங் ஆங்னு தலையாட்டுவாரு. கீழ எவன் சாவறது?"

மோகன்ராஜ் டீயைக் கீழே வைத்தார்.

"அம்மா, இதை நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். "சொன்னப்புறம் எனக்குத் தெரியாதுன்னு என்னால இருக்க முடியாதுங்க."

"தெரிஞ்சிதான் சொல்றேன்."

"மேல இருந்து இறக்கிடுவாங்க."

"எறக்கட்டும். எறக்கிட்டு ஊட்டுக்கு அனுப்பிருவாங்களா? பொண்ணு ரெண்டாம் வருசம் படிக்குது."

"கீழ ஏதாவது வேலைக்குக் கேட்டுப் பாக்கறேன். பெயிண்டிங் செக்ஷன், ஸ்டோர்ஸ்… வாக்குக் குடுக்க முடியாதுங்கம்மா. நான் வந்தே நாலு மாசம்தான் ஆகுது. நான் சொன்னா கேப்பாங்களான்னு எனக்கே தெரியாது."

"வாக்கு வாணாம் சார். கேக்கறேன்னு சொன்னியே, அது போதும்." அவள் முதுகை பெஞ்சில் சாய்த்தாள். காலையிலிருந்து அவள் சாய்ந்து நான் பார்க்கவில்லை. "எனுக்கு அசதியா கீது சார். வேற ஒண்ணுமில்ல. ரொம்ப அசதியா கீது."

இந்த நேரம்தான் தேசப்பன் டீயிலிருந்து தலையைத் தூக்கினான். ஆபீசர் டீ கீழே இருந்தது. என் மூஞ்சி இருக்கவேண்டிய மாதிரி இல்லை. முத்தம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அறுபதடி உயரத்திலிருந்து ஒரு விரல் அசைவைப் படிக்கிறவனுக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவும் தேவையே இல்லை.

"சொல்லிட்டியா?" என்றான்.

காது கேட்காதவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. இருபத்திரண்டு வருஷம் ரோலிங் மில்லுக்கு மேலே உட்கார்ந்த தொண்டை அது. 

முத்தம்மா தலையாட்டினாள்.

"சரி உடு. அப்ப செவ்வாக்கெழம அந்தப் பொட்டிக்குள்ள போயி நான் குந்த வேணாம்" என்றான், அதே குரலில். பாக்கி டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

ஏரிக்கரை முழுக்கத் திரும்பியது. பஜ்ஜிக்காரர் கரண்டியைத் தூக்கியபடி பார்த்தார். குதிரை இரண்டடி பின்னால் போனது. பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் செல்ஃபியைப் பாதியில் விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. எங்கள் பெண்டுகள் திரும்பினார்கள். ஊஞ்சலில் இருந்த பிள்ளைகள் திரும்பினார்கள். முத்தம்மா மடியில் குழந்தை திடுக்கிட்டு விழித்து வீறிட்டது.

புல்லில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆண்பிள்ளைகள் இருபத்தாறு பேரில் ஒருத்தரும் திரும்பவில்லை.

மோகன்ராஜ் அந்த முதுகுகளைப் பார்த்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுந்து நாலு எட்டு வைத்தார்.

"சரவணன்" என்றார்.

பத்தடி தூரம்கூட இருக்காது. மில்லுக்கு வந்து மூன்றே வருஷம் ஆனவன்.

"சரவணன்" என்றார், இன்னும் கொஞ்சம் உரக்க. பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

சரவணன் ஒரு கொய்யாத் துண்டை எடுத்து, இரண்டு பக்கமும் மிளகாய்த்தூள் சமமாகப் படும்படி திருப்பித் திருப்பித் தூவிக்கொண்டிருந்தான். அவன் பெண்சாதி எழுந்து வந்தாள். கூப்பிடவில்லை. குனிந்து அவன் தோளைத் தொட்டாள்.